அரிவாளால் அறுத்த அண்ணன் தம்பிக் கதை

அன்புள்ள மகனே,

இதனால் சகலருக்கும், குறிப்பாக இன்னும் பிறக்காத உனக்கு, அறிவிக்கப்படுவது யாதெனில்: உன் தந்தையாகிய எனக்கு இந்தச் செவ்வாய்க்கிழமை காலை, பல் துலக்கும் நேரத்தில், மீசை முளைத்திருப்பது கண்டறியப்பட்டது. இடது பக்கம் ஏழு முடி, வலது பக்கம் நாலு. அம்மாவிடம் காட்டினேன். "கரி ஒட்டிருக்குலே, போயிக் கழுவு" என்றாள். கழுவினேன். போகவில்லை. போகாத கரிக்குப் பெயர்தான் மீசை என்று நானே தீர்ப்புச் சொல்லி, நானே கைதட்டிக்கொண்டேன். வீட்டில் வேறு யாரும் கைதட்டுகிற நிலையில் இல்லை.

எனக்கு வயது பதினேழு. உன் அம்மா யாரென்று எனக்குத் தெரியாது. நீ இதைப் படிக்கும்போது உனக்கு என்னைவிட அடர்த்தியான மீசை இருக்கும். கல்யாணப் பத்திரிகைகூட அச்சாகியிருக்கும். இத்தனை அவசரமாக எழுத என்ன வந்தது என்று கேட்பாய். போன மாதம் என் அப்பா என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். "நாளைக்கு ஒனக்குன்னு ஒருத்தன் பெறந்து வருவான்ல, அவன் இதையே ஒனக்குச் செய்வான்ல, அன்னைக்குத் தெரியும்டா." கத்திச் சொல்லியிருந்தால் எப்போதும் போலத் துடைத்துப் போட்டிருப்பேன். அவர் கத்தவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, மெதுவாகச் சொன்னார். அந்த 'ஒருத்தன்' நீதான். நீ வந்து செய்யப்போவதைச் செய்வதற்குள் உன்னிடம் பேசி வைத்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன்.

நம் குடும்பத்தைச் சொல்கிறேன். தேவாரத்துக்கும் பண்ணைப்புரத்துக்கும் நடுவில் மலையடியில் ஊர். ஒரு கிணறு, ஒரு தென்னந்தோப்பு, ஒரே அடுப்பு. அப்பா, அம்மா, அப்பாவின் தம்பியான என் சித்தப்பா, சித்தி, நான். சித்தப்பாவுக்குப் பிள்ளை இல்லை. அதனால் என்னை அடிக்கவும் ரெண்டு அப்பா, அடித்ததற்கு மருந்து போடவும் ரெண்டு அப்பா. நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது ஒரு வாரப் பத்திரிகையில் ஒரு தொடர்கதை வந்துகொண்டிருந்தது. ஒரு அண்ணன், ஒரு தம்பி, ஒரு பெரிய வீடு. பத்திரிகை வரும் நாளில் சித்தப்பா தேவாரம் பஸ் ஸ்டாண்டுக்குச் சைக்கிள் மிதித்துப் போய் வாங்கி வருவார். தண்ணீர் பாய்ச்சி முடித்த சாயங்காலம், தோப்பில் மோட்டார் ரூம் வாசலில், தொட்டி விளிம்பில் உட்கார்ந்து படிப்பார்கள். சித்தப்பா வாசிப்பார், அப்பா அழுவார். வேலையை அப்படித்தான் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அம்மா பக்கங்களைக் கத்தரித்துக் கொடுப்பாள். அப்பா கோணி ஊசியால் தைப்பார். ஒன்றரை வருஷம் ஓடிக் கதை முடிந்தபோது செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகம் வந்துவிட்டது. அதற்கு உரச்சாக்கில் அட்டை. சுவாமி படத்துக்குப் பக்கத்தில் இடம்.

கதை இவ்வளவுதான். முன்பாதியில் அண்ணனும் தம்பியும் ஒரே தட்டில் சாப்பிடாத குறை. பின்பாதியில் ஒரு வார்த்தை தடித்து, தம்பி வீட்டை விட்டுப் போகிறான். கடைசி வாரத்தில், ரயில் நகர ஆரம்பித்த பிறகு, அண்ணன் ஸ்டேஷனுக்குள் ஓடி வந்து ஜன்னல் வழியாகத் தம்பியின் கையைப் பிடித்துவிடுகிறார். அன்றைக்கு அப்பா அழுத அழுகையில் ஒரு பாத்தி வாழைக்குத் தண்ணீர் மிச்சம். நான் அழவில்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். அந்த வயதிலேயே எனக்குக் கதைகளின் கள்ளத்தனம் தெரியும். "பாருங்க, அடுத்த வாரம் அந்த அண்ணன் இருமுவாரு" என்பேன். அடுத்த வாரம் இருமுவார். "அதுக்கு அடுத்த வாரம் ரத்தம்" என்பேன். ரத்தம் வரும். "ஏலே, வாயக் கழுவு" என்று அப்பா தேங்காய் மட்டையை எறிவார். சித்தப்பா சிரித்துவிட்டு, "அண்ணே, பய கதை எழுதுனா நம்மளத் தூக்கிச் சாப்ட்ருவான்" என்பார். அதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார்.

பெருமையில் இன்னொன்றும் சேர்த்துக்கொள். இந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பில் தமிழய்யா 'இலக்கியத்தில் குடும்பப் பாசமும் விசுவாசமும்' என்று கட்டுரை எழுதச் சொன்னார். வகுப்பிலேயே எனக்குத்தான் அதிக மதிப்பெண். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார். கதைகளில் பாசம் எப்போதும் ஒரு சோதனைக்கு உட்படும், வெள்ளமோ வியாதியோ கல்யாணமோ வந்து பிரிந்தவர்களைக் கூட்டிவைக்கும், விசுவாசமுள்ளவன் கடைசி அத்தியாயத்தில் தோற்றதே இல்லை என்று விளாசியிருந்தேன். எல்லாம் சரிதான். அந்தக் கட்டுரையில் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. கதையில் தம்பி எப்போது திரும்ப வேண்டும் என்பது எழுதுகிறவருக்குத் தெரியும். நம் வீட்டை எழுதிக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து போய்விட்டார்.

மூன்று வருஷம் மழை இல்லை. கிணற்றில் படி தெரிந்தது, பிறகு பாறை தெரிந்தது, பிறகு நான் சின்ன வயதில் தொலைத்த செம்பு தெரிந்தது. கிணற்றை இன்னும் ஆழப்படுத்தலாம் என்றார் அப்பா. தோப்பின் கீழ்க்கோடியில் போர் போடலாம் என்றார் சித்தப்பா. போர் போட்டால் கிணற்றின் ஊற்று அறுந்துபோகும் என்று அப்பாவுக்குப் பயம். பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒரு நாள் அப்பா கடமலைக்குண்டுக்கு ஒரு துக்கத்துக்குப் போயிருந்தபோது, சித்தப்பா வண்டியை வரவழைத்துப் போர் போட்டுவிட்டார். போர் போட்டார், வீட்டில் போர் வந்துவிட்டது என்று நான் அப்போது சொன்ன ஜோக்குக்கு யாரும் சிரிக்கவில்லை. அப்பா ஊருக்குள் நுழையும்போதே அந்த இயந்திரத்தின் சத்தம் கேட்டிருக்கிறது. "எங்கன போடுறாக?" என்று வழியில் ஒருத்தரிடம் கேட்டாராம். "ஒங்க தோப்புலதேன்" என்றாராம் அவர்.

பிரித்துக்கொள்வது என்று முடிவானது. நம் பக்கம் ஒரு வழக்கம் உண்டு: மூத்தவர் பங்கு பிரிக்க வேண்டும், இளையவர் தனக்கு வேண்டியதை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். மூத்தவர் ஏமாற்ற முடியாது, இளையவர் குறைசொல்ல முடியாது. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்திருக்க, மரங்களை எண்ணினார்கள். அண்டா, குண்டான், கலப்பை எல்லாம் ரெண்டு வரிசையாகப் போயின. கடைசியில் ஒரு பெரியவர் சுவாமி படத்துப் பக்கம் கையை நீட்டி, "அது என்னப்பா செங்கலு?" என்றார்.

"கதைப் புஸ்தகம்" என்றாள் அம்மா.

"அது கெடக்கட்டும், அதையுமா பிரிப்பாக?"

"பிரிக்கணும்" என்றார் அப்பா. "ஒரு பொட்டு எம்பக்கம் கூட இருந்துச்சுன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது."

"ஒரு கதைய எப்புடிப்பா ரெண்டாக்குறது?" என்று பெரியவர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. ரெண்டு பேரில் ஒருத்தர் 'நீயே வெச்சுக்க' என்று சொல்லியிருந்தால் முடிந்தது. சொல்லவில்லை. நியாயமாக நடப்பது என்று இறங்கிவிட்டால் நம் வீட்டு ஆட்களைப் பிடித்து நிறுத்த முடியாது மகனே. அப்பா பக்கங்களை எண்ணினார். அரிவாளை எடுத்தார். தைத்த கையாலேயே நூலை அறுத்தார். முன்பாதி ஒரு பக்கம், பின்பாதி ஒரு பக்கம்.

சித்தப்பா பின்பாதியை எடுத்துக்கொண்டார். "முன்னாடி உள்ளது எனக்கு மனப்பாடம்ணே" என்றார். அதற்குப் பிறகு நேருக்கு நேர் அவர் அப்பாவை 'அண்ணே' என்று கூப்பிட்டு நான் கேட்கவில்லை.

சித்தப்பாவும் சித்தியும் தேவாரத்தில் வாடகைக்கு வீடு பிடித்துப் போனார்கள். ஒற்றுமை எங்கள் வீட்டில் இருந்தது, சண்டையும் சமாதானமும் சித்தப்பா வீட்டில் இருந்தன. நான் புத்தகத்தைச் சொல்கிறேன். சாயங்காலங்களில் அப்பா முன்பாதியை எடுத்து வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசிப்பார். வாசிப்பது சித்தப்பாவின் வேலை என்பதால் அவருக்குச் சரியாக வராது. அறுத்த இடத்தில் ஒரு வாரத்துக் கதை முடிந்து, கீழே 'தொடரும்' என்று போட்டிருக்கும். அங்கே வந்ததும் கொஞ்ச நேரம் பக்கத்தைத் திருப்புகிற மாதிரி விரலை வைத்திருந்துவிட்டு மூடிவிடுவார்.

என் பள்ளிக்கூடம் தேவாரத்தில். மத்தியானச் சாப்பாடு சித்தி வீட்டில். அதனால் ரெண்டு நாடுகளுக்கும் நான்தான் தூதுவர். ஊரில் எத்தனையோ பேர் ஒரு பக்கம் சாய்ந்தார்கள். நான் மட்டும் ரெண்டு பக்கமும் விசுவாசமாக இருந்தேன் என்று உன் காலத்தில் தைரியமாகச் சொல்லிக்கொள்ளலாம். வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா எங்கேயோ பார்த்தபடி ஆரம்பிப்பார்.

"மத்தியானம் என்னலே கொழம்பு?"

"புளிக்கொழம்பு."

"அவனுக்குப் புளி ஆகாதேலே. நெஞ்சக் கரிக்குமே."

"அத அவுககிட்டயே போயிச் சொல்லுங்க."

"எனக்கென்ன வந்துச்சு. சும்மா கேட்டேன்."

மறுநாள் தேவாரத்தில் சித்தப்பா தட்டைப் பார்த்தபடி கேட்பார்: "எங்கண்ணன் இருமல் எப்புடிரா இருக்கு?"

"நம்ம கதை அண்ணன் மாதிரி இல்ல சித்தப்பா. சும்மா சளிதேன்."

"ஒன் நாக்குல சூடு வைக்க." ஆனால் சிரிப்பார்.

போரில் ஒரு மாதம் தண்ணீர் வந்தது. பிறகு காற்று வந்தது. கிணறும் போரும் போட்டி போட்டுக்கொண்டு வற்றின. தென்னை மரங்கள் ஒவ்வொன்றாகத் தலை கவிழ்ந்து நின்றன. பங்கு பிரித்த மரங்களில் யாருடையது முதலில் காய்ந்தது என்று எண்ணுவதைக்கூட விட்டுவிட்டார்கள். சித்தப்பா தன் பங்கைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போவதாக முடிவு செய்தார். வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு லாரி என்று ஊருக்கே தெரிந்தது.

அப்பா அந்த வாரம் தோப்பு வேலையே செய்யவில்லை. "போயி ஒரு வார்த்தை இருங்கன்னு சொல்லிட்டு வாங்களேன்" என்றாள் அம்மா. "நான் ஊருக்குப் போயிருந்தப்ப போர் போட்டவன் அவன். அவன் வாயில இருந்து ஒரு வார்த்தை வரட்டும். போயி லாரிக்கு முன்னாடி படுத்துருவேன்" என்றார் அப்பா. வரம்பு கட்டிவிட்டு அதற்குள் நின்று தவிப்பது நம் வீட்டுப் பழக்கம். உனக்கும் வரும். வந்தால் வெட்டிவிடு.

வார்த்தை வந்தது மகனே. ஞாயிற்றுக்கிழமை வந்தது. என் கையில்தான் வந்தது.

அன்றைக்குத் தேவாரத்துக்குப் போயிருந்தேன். சித்தப்பா பின்பாதியை ஒரு துண்டில் சுற்றி என்னிடம் நீட்டினார். கடைசிக்கு முந்தைய பக்கத்தில் ஒரு முனை மடித்திருந்தது. அண்ணன் ஸ்டேஷனுக்கு ஓடி வருகிற பக்கம். "இத எங்கண்ணன்கிட்டக் குடுத்துருடா. ஒண்ணும் சொல்ல வேணாம். பாத்தாத் தெரிஞ்சுக்கிருவாக." கதவோரம் சித்தி நின்று மூக்கை உறிஞ்சினாள். "ஒங்கப்பா ஒரு தடவ வந்து நின்னாப் போதும். இவுக சாமானக் கீழ எறக்கிருவாக" என்றாள்.

நான் அதை அன்றைக்குக் கொடுக்கவில்லை. திங்கள், செவ்வாய், புதன் கொடுக்கவில்லை. மோட்டார் ரூமில் உரச்சாக்குக்கு அடியில் வைத்திருந்தேன். வியாழன் காலை ஒன்பது மணிக்குக் கொடுத்தேன்.

ஏன் என்று அப்பா கேட்டபோது சொன்ன காரணத்தையே உனக்கும் சொல்கிறேன். கதை என்றால் கடைசி நிமிஷத்தில்தான் கூட வேண்டும். ஞாயிற்றுக்கிழமையே கொடுத்தால் அப்பா சாவகாசமாகக் குளித்து, சட்டை மாட்டிப் போய், காப்பி குடித்து, சமாதானம் ஆகிவிடுவார். அதில் என்ன சுவை இருக்கிறது? லாரி கிளம்புகிற நேரத்தில் சைக்கிளில் பறந்து போய்க் கையைப் பிடித்தால் அல்லவா ஆயுசுக்கும் பேசுவார்கள். அப்படி ஒரு காட்சியை அமைத்துக் கொடுக்கத்தான் நாலு நாள் காத்திருந்தேன் என்றேன்.

அப்பா துண்டைப் பிரித்தார். மடித்த முனையைப் பார்த்தார். பொத்தான் போடாமலே சைக்கிளை எடுத்தார். நான் பின்னாலேயே ஓடி, வழியில் ஒருத்தரிடம் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். வீடு திறந்து கிடந்தது. வீட்டுக்காரம்மா உள்ளே கூட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க போனாக?" என்றார் அப்பா.

"லாரிக்காரருக்கு வேற லோடு இருக்குன்னு ஆறு மணிக்கே வந்துட்டாரு. ஒங்க தம்பிதேன் ஏத்த விடல. இந்தா அந்தா ஆளு வரும், ஆளு வரும்னு அந்தத் திருப்பத்தையே பாத்துக்கிட்டு எட்டு மணி வரைக்கும் நின்னாக. டிரைவர் ஏசவும்தேன் ஏறுனாக. யாரு வரணும், நீங்களா?"

அப்பா அந்தத் திருப்பத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "இத அவன் ஒன்கிட்ட எப்பலே குடுத்தான்?" என்றார்; ஞாயிற்றுக்கிழமை என்றேன், மேலே எழுதிய காரணத்தையும் சொன்னேன். நான் இந்தக் கடிதத்தின் தொடக்கத்தில் எழுதிய வார்த்தை அப்போது சொன்னதுதான்.

ஒரு போன் போட்டால் தீராதா என்று நீ கேட்பாய். பத்து நாள் கழித்துச் சித்தியின் அண்ணனிடம் நம்பர் வாங்கி, தேவாரத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத்துக்கு அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். கதவு சரியாகச் சாத்தாது, எல்லாம் கேட்டது. நானே உள்ளே போய், 'சித்தப்பா, நான்தேன் கெடுத்தேன்' என்று சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, நல்லாருக்கியாப்பா" என்றார் அப்பா. பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "வந்துச்சுப்பா. ஞாயித்துக்கெழமையே வந்துருச்சு. இல்லல்ல, பய அன்னைக்கே குடுத்துட்டான். அவன் மேல ஒண்ணுமில்ல. நாந்தேன்... நாந்தேன் வரல."

அதற்குச் சித்தப்பா ஒன்றுதான் சொன்னார். எனக்கே கேட்டது. "சரிங்க" என்றார். தேங்காய் வாங்க வருகிற வியாபாரியிடம் சொல்கிற அதே 'சரிங்க'. போன் வைத்துவிட்டார்.

வெளியே வந்த அப்பாவிடம், "ஏன்ப்பா அப்புடிச் சொன்னீக?" என்று கேட்டேன். சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டியபடி சொன்னார்: "அவனுக்குன்னு ஒரு பிள்ளை இல்ல. ஒன்மேலதேன் உசுரு. என்னைய வெறுத்தா வெறுத்துட்டுப் போறான். ஒன்னையும் அவன்கிட்ட இருந்து பிடுங்கணுமா?" அப்புறம், "பாவி, கதை படிச்சே கெட்டுப்போனியேடா" என்றார். ஏறு என்றார். பின்னால் ஏறிக்கொண்டேன்.

தமிழய்யா கட்டுரையை இன்னொரு தடவை எழுதச் சொன்னால் எனக்கு ஒரு வரியும் வராது. கதைகளில் விசுவாசம் என்பது ஒரே கயிறு. ஒரு முனையை இழுத்தால் மறுமுனை வந்துவிடும். அப்பாவிடம் ரெண்டு கயிறு இருந்தது. ஒன்று தம்பி, ஒன்று நான். ரெண்டையும் சேர்த்துப் பிடிக்க முடியாதபடி நான் செய்தேன். அவர் ஒன்றை விட்டார். விட்டதைப் பற்றி வீட்டில் பேசுவதே இல்லை. ரெண்டு பாதியும் இப்போது எங்களிடமே இருக்கின்றன. அப்பா சேர்த்துத் தைக்கவில்லை. வாசிப்பதையும் விட்டுவிட்டார். அம்மா ஒரு நாள் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள். "யாரு வாசிக்கிறதுக்கு?" என்று கேட்டார். சித்தப்பாவின் நம்பர் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. சித்தியின் அண்ணனும் புது நம்பர் தர மாட்டேன் என்கிறார். தோப்பில் பாதிக்கு மேல் மொட்டை. உனக்குக் காட்டுவதற்கு நான் என்ன வைத்திருப்பேன் என்று தெரியவில்லை.

உனக்கு ஒரே ஒரு புத்திமதி. யாராவது உன் கையில் ஒன்றைக் கொடுத்து, இதைக் கொடுத்துவிடு என்று சொன்னால், போய்க் கொடுத்துவிடு.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு வேலை பாக்கி. அப்பாவிடம் சொல்ல முடியாதது. பிறக்காதவனிடம் சொன்னால் அடி விழாது என்பதால் உன்னிடம் சொல்கிறேன். கடைசி நிமிஷக் காட்சி என்று சொன்னேன் இல்லையா? அப்படி ஒரு காட்சியை நான் யோசிக்கவே இல்லை. வியாழக்கிழமை, அந்தக் காலி வீட்டு வாசலில் அப்பா என்னைப் பார்த்தபோதுதான் அது என் வாயில் வந்தது. பாவம், அந்தத் தொடர்கதை ஒரு பிழையும் செய்யவில்லை. என் பழியை அதன் தலையில் கட்டினேன். உண்மை என்னவென்றால், அவர்கள் பேசாமல் இருந்த அந்த ஒரு வருஷம் ரெண்டு வீட்டிலும் நான்தான் பெரிய ஆள். வாசலில் கால் வைத்தால் ரெண்டு பேரும் என் வாயைத்தான் பார்த்தார்கள். அவர்கள் கூடிவிட்டால் எனக்கு என்ன வேலை? அதுவும் போக, அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சைக்கிளில் ஏறும்போது சித்தி ஒன்று சொல்லியிருந்தாள். புதன்கிழமை மத்தியானம் எனக்காகக் கோழி அடிப்பதாக, போகிற பிரிவுக்கு. அவர்கள் போகாமல் இருந்துவிட்டால் எதற்குக் கோழி?

திங்களும் செவ்வாயும் அந்த வீட்டுப் பக்கமே தலைவைக்கவில்லை. புதன்கிழமை போனேன். சித்தப்பா தன் தட்டில் இருந்த காலையும் எடுத்து எனக்கு வைத்துவிட்டு, "குடுத்துட்டியாடா?" என்று கேட்டார். வாயில் கறி இருந்தது. தலையை ஆட்டினேன்.

இப்படிக்கு,
உன் அப்பா